சுரங்க வாசலில் ஒரு சுண்ணாம்புக் கோடு

1

"மலையைக் குடையுறது ஆம்பளைக்கே சீவன் போற வேலை. நீ அதைப் படிச்சு என்ன செய்யப் போற ஆத்தா? சுரங்க வாசல்ல கோலம் போடவா?"

பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது என்று நான் சொன்ன அன்று என் தாய்மாமன் கேட்டது இது. வீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். மாமாவுக்குத் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதித் தந்தது நான். ஆஸ்பத்திரிச் சீட்டை வாசித்துச் சொன்னதும் நான். அந்த அளவுப் படிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் ஒரு படி ஏறினால் சிரிப்பு வந்துவிடும்.

இப்போது அதே மாமா கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "எங்க அக்கா மக லண்டன்ல சுரங்கம் தோண்டுறா" என்று சொல்லித் திரிகிறாராம். இந்தக் குறிப்பு வரும் இதழையும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அதனால் இரண்டு திருத்தங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது லண்டன் இல்லை. அங்கிருந்து வடக்கே, பாதி நாள் ரயிலில் வந்தால் கிடைக்கும், மழையும் மூடிய மில்களும் உள்ள ஓர் ஊர். நான் சுரங்கம் தோண்டவும் இல்லை. மற்றவர்கள் சுரங்கத்துக்குள் போய் அளந்து எழுதிக்கொண்டு வந்ததை, ஒளி ஊடுருவும் தாளில் மையால் வரைகிறேன். இதற்கு இங்கே பள்ளிப் படிப்பு முடித்தால் போதும்.

என் பட்டத்தை ஒப்புக்கொள்ள இங்கே பொறியாளர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அங்கே கவுண்டரில் இருந்த அம்மாள் என் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். விண்ணப்பத்தில் சொந்த ஊர்ப் பக்கம் என்று எழுதியிருந்த தேனி எங்கே என்றார். மதுரைக்குப் பக்கம் என்றேன். மதுரை எங்கே என்றார். கடைசியில் படிப்பில் குறை எதுவும் இல்லை என்று ஒத்துக்கொண்டார். "பூமிக்கு அடியில் களப்பணி செய்ததாக உங்கள் மேலதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அவ்வளவுதான்." 'அவ்வளவுதான்' என்ற சொல்லை இந்த நாட்டில் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். சுரங்கத்துக்குள் போய் வந்தால்தான் பொறியாளர் ஆகலாம். பொறியாளர் ஆகாதவரை நான் உள்ளே போகத் தேவையில்லை என்பார்கள்.

எனக்கு வேண்டியது அந்த ஒரு கையெழுத்து. இந்தக் குறிப்பு முழுவதும் அதைப் பற்றித்தான்.

2

நான் சிறுமியாக இருந்தபோது, அறுபதுகளின் கடைசியில், எங்கள் பக்கத்து மலையில் மின்சாரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு சுரங்கம் குடைந்தார்கள். அப்பா அதில் பாறை துளைக்கிற ட்ரில்லர். அம்மா வாசலுக்கு வெளியே கல் சுமந்தாள்.

வேலை சுற்றிச் சுற்றி ஒன்றுதான். பாறை முகத்தில் வரிசையாகத் துளை போடுவார்கள். துளைகளில் வெடிமருந்தைத் திணித்துவிட்டு எல்லோரும் வெளியே வருவார்கள். வெடித்த பின் புகை அடங்கக் காத்திருப்பார்கள். தொங்குகிற கல்லைக் கடப்பாறையால் தட்டி விழவைத்துவிட்டு, உடைந்த கல்லை ட்ராலியில் அள்ளி வெளியே தள்ளுவார்கள். பாறை உறுதியில்லாத இடத்தில் இரும்பு வளைவுகளை நிறுத்தி முட்டுக் கொடுப்பார்கள். பிறகு மறுபடி துளை. மலை அப்படித்தான் ஒவ்வொரு முழமாக வழிவிட்டது.

சுரங்க வாசலில் குங்குமம் பூசிய கல் ஒன்று கருப்பசாமியாக நின்றது. தினமும் காலையில் மேஸ்திரி அதற்குச் சூடம் காட்டிவிட்டு, ஒரு டப்பாவிலிருந்து சுண்ணாம்புப் பொடியை எடுத்து வாசலுக்குக் குறுக்கே கோடு போடுவார். பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மலை இறங்கிவிடும், உள்ளே இருப்பவர்கள் மேல் கூரை விழும் என்பது வழக்கம். ட்ராலி கோடுவரை வரும். அங்கிருந்து பெண்கள் கூடையில் அள்ளிச் சரிவில் கொட்டுவார்கள். உள்வேலைக்கு ஒரு கூலி, வெளிவேலைக்கு அதைவிடக் குறைந்த கூலி.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோவேன். தூக்குவாளியைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். அப்பா வந்து குனிந்து எடுத்துக்கொள்வார். தலைமயிர், புருவம், காது மடல் எல்லாம் மாவு மில்லில் இருந்து வந்தவர் போல வெள்ளையாக இருக்கும்.

ஒருநாள் உள்ளே தண்டவாளம் புரண்டு ட்ராலி கவிழ்ந்து கிடந்தது. உடைத்த கல் உள்ளேயே குவிந்துவிட்டது. அடுத்த வெடி வைக்க வழியில்லை.  மேஸ்திரி சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு விளக்கோடு உள்ளே போனார். கல் குவியலுக்கு அப்பால், நன்றாக உள்ளே தள்ளி, புதிதாக ஒரு கோடு போட்டார். திரும்பி வந்து வாசலில் இருந்த பழைய கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார்.

"வாங்க தாயிகளா, கோடு அங்கன இருக்கு. அதுவரைக்கும் வரலாம். சாமி உத்தரவு குடுத்துருச்சு."

பெண்கள் உள்ளே போய்க் கல் சுமந்தார்கள். மலை இறங்கவில்லை. சாயங்காலம் கூலி போடும்போது வெளிவேலைக் கூலியையே போட்டார்கள். அம்மா கேட்டாள்.

"நாங்க உள்ளதான வேலை பார்த்தோம்?"

"கோட்டுக்கு இங்கிட்டுதான பார்த்தீக?" என்றார் மேஸ்திரி. "கோட்டுக்கு இங்கிட்டுன்னா அது வெளிவேலைதான்."

வரிசையில் நின்ற ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவும்தான். மறுநாள் ட்ராலி ஓடியது, கோடு பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்து வந்த துளைகள் நடுவில் சந்தித்த அன்று பெரிய விழா. வாசலில் வாழைமரம், ரேடியோ செட், பந்தல். அதிகாரிகள் தங்கள் மனைவிமாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பட்டுச்சேலை கட்டிய அந்த அம்மாமார்களை, பாய் விரித்த ட்ராலியில் உட்காரவைத்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். அன்று கோடே போடவில்லை. கல் சுமந்த பெண்களைப் பந்தலுக்கு வெளியே, குறுக்கே கட்டிய கயிற்றுக்கு அப்பால் நிறுத்தியிருந்தார்கள்.

"அவுக போனா மட்டும் மலை இறங்காதா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவுக செருப்புப் போட்டுல்ல போறாக" என்றாள் அம்மா.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்றைக்காவது செருப்போடு அதற்குள் நடப்பேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நான் இன்ஜினியருக்குப் படித்ததற்குக் காரணம் கேட்பவர்களிடம் கணக்கு நன்றாக வரும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மைக் காரணம் இது.

3

இங்கே நான் வரையும் சுரங்கம் ரயில் போவது. நூறு வருஷத்துக்கு முன்னால் கையால் தோண்டி, உள்ளே செங்கல்லால் வளைவு கட்டியது. தோண்டுகிறவர்களுக்குத்தான் மாலை மரியாதை எல்லாம். கட்டிய சுரங்கத்தைக் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய வேலை என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். மலை சும்மா இருப்பதில்லை. தண்ணீர் எந்த வழியாகவாவது வரும். செங்கலுக்குப் பின்னால் அது தேங்கினால் சுவரைத் தள்ளும். அதனால் அங்கங்கே துளை விட்டு, சுவரை அழவேண்டிய இடத்தில் அழவிடுவார்கள். குளிர்காலத்தில் கூரையில் ஒழுகும் நீர் உறைந்து ஈட்டி ஈட்டியாகத் தொங்கும். முதல் ரயில் வருவதற்குள் கழிகளால் அடித்து உதிர்க்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலை நிறுத்திவிட்டு ஒரு குழு சுத்தியலோடு உள்ளே போகும். செங்கலைத் தட்டிக் கேட்டுக்கொண்டே நடப்பார்கள். உறுதியான இடம் கிண்ணென்று சத்தம் கொடுக்கும். பின்னால் பொள்ளலாகிப்போன இடம் டொப்பென்று கேட்கும். அங்கே சுண்ணக்கட்டியால் அடையாளம் போடுவார்கள். கெட்டுப்போன செங்கலை எடுத்துவிட்டுப் புதிது வைக்கும்போது சின்னச் சின்னக் கட்டமாகத்தான் எடுக்கவேண்டும். ஆசைப்பட்டு ஒரேயடியாகப் பிரித்தால் வளைவே உட்கார்ந்துவிடும்.

இவ்வளவும் எனக்குக் காகிதத்தில் தெரியும். அந்தச் சுரங்கத்தின் ஒவ்வொரு வளைவையும் வரைந்திருக்கிறேன். ஒருமுறைகூட அதற்குள் போனதில்லை.

என் மேலதிகாரியின் பெயர் விட்டேக்கர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் வந்தால் எழுந்து நிற்பார், கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைச் சோதனைக்கு என்னையும் அனுப்புங்கள் என்று கேட்கும்போதெல்லாம் உண்மையிலேயே வருத்தப்பட்ட முகத்தோடு பதில் சொல்வார்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சுரங்கத்து ஆட்களுக்குப் பழைய நம்பிக்கைகள் உண்டு. பெண் உள்ளே வந்தால் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விடுவார்கள். உங்கள் நாட்டில் இப்படியெல்லாம் இருக்காது என்று நினைக்கிறேன்."

எங்கள் நாட்டில் எப்படி இருக்கும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

4

என் மகள் கயல்விழிக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் கைலி ஆகிவிட்டது. ஊரில் கைலி என்றால் லுங்கி என்று சொன்னேன். அவளுக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள்.

போன மாதம் அவளுடைய டீச்சர் பள்ளிச் சந்தைக்குப் பூப்படங்கள் சில வரைந்து தரமுடியுமா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "அம்மா என்ன வேலை செய்கிறார் என்று பிள்ளைகளைக் கேட்டோம். படம் வரைவாள் என்று கைலி சொன்னாள்" என்றார் டீச்சர். பிள்ளை பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்ப்பதைச் சொல்லியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவளை அவளுடைய மகள் பூப்படம் வரைகிறவளாகத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

டீச்சரிடம் நான் பேசிய இங்கிலீஷ் சரியில்லை என்று வீட்டுக்கு வரும் வழியில் கயல் திருத்தினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொள்ளாமல் முன்னால் நடந்தாள்.

அதே வாரத்தில்தான் அப்பாவின் திதி வந்தது. இலை போட்டுப் படைத்தேன். இவர் யார், என்ன வேலை செய்தார் என்று கயல் கேட்டாள். மலையில் துளை போட்டார் என்றேன். எப்படிச் செத்தார் என்று கேட்டாள்.

ஊரில் டி.பி. என்று எழுதினார்கள். மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். நெஞ்சு மேலும் கீழும் போய்வரும். அது டி.பி. இல்லை, கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகிப்போகும் நோய் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவர் போய்விட்டார். ட்ரில்லில் தண்ணீர் விட்டுக்கொண்டே துளைத்தால் தூசி சேறாக வழிந்துவிடும், மூச்சுக்குள் போகாது. இது இந்த நாட்டுக்காரர்கள் மட்டும் கண்டுவைத்திருந்த ரகசியம் இல்லை. அப்பா பிடித்த ட்ரில்லிலேயே தண்ணீர்க் குழாய் இருந்தது. அவரே ஒருமுறை சொன்னார்: "தண்ணி விட்டா சகதியாகுதாம், ட்ராலி சிக்குதாம். மேஸ்திரி கட்டையை வச்சு அடைச்சுட்டாக."

அதை அவர் கோபமில்லாமல் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கயலிடம் இருமி இருமிச் செத்தார் என்று மட்டும் சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போனாள்.

5

ஞாயிற்றுக்கிழமைக் குழுவின் தலைவர் டெரக். சுரங்கத்துக்குள்ளேயே வயதாகிவிட்ட மனிதர். படங்களை வாங்கிப்போக எங்கள் ஆபீசுக்கு வருவார். இந்தப் பக்கத்து ஆட்கள் எந்தப் பெண்ணையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் அதைக் கேட்டு முகம் சிவந்து, சண்டை போடச் சொல்லிக் கணவரிடம் முறையிட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இப்போது பழகிவிட்டது.

போன மாதம் டெரக் வந்தபோது ஒரு சிக்கலோடு வந்தார். வழக்கமாக உள்ளே போய்க் குறிப்பெடுக்கும் எங்கள் ஆபீஸ் உதவியாளர் பந்து விளையாடிக் காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் இல்லை. விட்டேக்கர் விடுமுறையில் இருந்தார்.

"நான் வரட்டுமா?" என்றேன். "உங்கள் ஆட்கள் வெளியே போய்விடுவார்கள் என்றால் வேண்டாம்."

"ஏன் வெளியே போகணும்?"

"பெண் உள்ளே வந்தால்..."

டெரக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "யாரு சொன்னது? எங்களை யாரும் கேட்டதில்லையே, லவ். சரியா எழுதற ஆள் ஒருத்தர் வேணும்னு நாங்கதான் வருஷக்கணக்கா கேட்டுட்டிருக்கோம். உள்ளே விசில் மட்டும் அடிக்கக் கூடாது, அது ஆகாதும்பாங்க. விசிலடிச்சா நானே வெளியே தள்ளிடுவேன்."

அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை காலம் யாரென்றே தெரியாத ஆட்கள் மேல் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அவர்கள் பெயரைச் சொல்லி வேறொருவர் கோடு போட்டிருக்கிறார்.

தண்டவாளத்தில் நடப்பதற்கான பாதுகாப்புத் தேர்வை அந்த வாரமே எழுதித் தேறினேன். என் காலுக்குப் பூட்ஸ் கிடைக்கவில்லை. பள்ளிப் பையன்கள் பிரிவில் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், குழுவில் எல்லோரும் செய்வதுபோல, வாசலில் உள்ள பலகையில் என் எண் பொறித்த வில்லையை மாட்டிவிட்டு உள்ளே போனேன். வில்லை பலகையில் இருக்கும்வரை ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

உள்ளே நீராவி எஞ்சின் காலத்துக் கரி இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது. கை வைத்தால் கை கறுத்துவிடும். காற்றுத் துவாரத்துக்குக் கீழே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. காகிதத்தில் நான் நேர்க்கோடாகப் போட்ட சுவர் உண்மையில் சற்றே வயிறு தள்ளி நிற்கிறது. டெரக் சுத்தியலை என்னிடம் கொடுத்தார். தட்டினேன். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. மறுபடி தட்டினேன், அதே டொப். அவர் தலையாட்டினார். அடையாளம் போட்டேன். யாரும் கருவியைக் கீழே போடவில்லை. ஒருவர் என் பூட்ஸைப் பார்த்து, "ஹோம்வொர்க் முடிச்சுட்டு வந்தியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலையில் சோதனை அறிக்கையைத் தாளில் சுத்தமாக எழுதினேன். 'சோதித்தவர்' என்ற இடத்தில் என் முழுப்பெயரை, அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து எழுதினேன்.

6

விடுமுறை முடிந்து வந்த விட்டேக்கர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

"வேலை நன்றாக இருக்கிறது. ஆனால் ஆட்கள் வருத்தப்பட்டார்கள். என்னிடம் வந்து சொன்னார்கள். இனி இது வேண்டாம்."

"யார் சொன்னது?"

"அவர்கள் பெயரைச் சொல்வது நியாயமாக இருக்காது."

நான் அவர்களோடு ஒரு நாள் முழுக்க இருந்தேன். அவர்கள் தேநீரைக் குடித்தேன். அவர் பொய் சொல்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் குரல் கொஞ்சமும் மாறவில்லை. சங்கத்துக்கு அனுப்பவேண்டிய களப்பணிச் சான்றில் இப்போதைக்குக் கையெழுத்துப் போட இயலாது என்றார். அறிக்கை உதவியாளரின் பெயரில் போகும் என்றார்.

"அவர் காலில் கட்டோடு வீட்டில் அல்லவா இருந்தார்?"

"அது ஒரு நடைமுறை. அவ்வளவுதான்." எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

அன்று மாலை டெரக்கைப் போய்ப் பார்த்தேன். யாரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். அதை ஒரு விசாரணையில் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். தன் பூட்ஸைப் பார்த்தார். "பென்ஷன் பக்கத்தில வந்துடுச்சு, லவ்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மன்னிக்கவும் மனம் வரவில்லை. தரையைப் பார்த்த ஆண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

என் கணவர் உத்தமபாளையத்துக்காரர், இங்கே அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர். விஷயத்தைச் சொன்னேன்.

"அடுத்த வருசம் எனக்கு இங்கன வேலையை நீட்டிச்சுத் தரணும். இப்பப் போயி ஆபீசோட கோர்ட்டுன்னு நிக்கணுமா? வந்த இடத்துல ஒதுங்கிப் போறதுதான் மரியாதை."

"யாருக்கு மரியாதை?"

"எல்லாருக்குந்தான்."

"நான் ஒதுங்கி நின்னது ஊர்லயே போதும்."

அவர் பத்திரிகையை எடுத்துக்கொண்டார். பிறகு அதிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டு என்கிட்ட எதுக்குக் கேக்குற?" என்றார். அது சரிதான். நான் கேட்கவில்லை, சொன்னேன்.

பெண் என்பதற்காக வேலையில் தடுத்தால் முறையிட இந்த நாட்டில் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. அதிலும் ஒரு படிவம்தான். ஊரில் மற்றவர்களுக்கு எத்தனையோ மனுக்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்காக எழுதிய முதல் மனு இது. ஜெயிப்பேன் என்று சொல்லமுடியாது. சாட்சி இல்லை. வேலை போகலாம். இந்த ஊரில் வேறெந்த ஆபீசும் என்னைச் சேர்க்காமல் போகலாம்.

படிவத்தில் ஒரு கட்டம் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்தியது: 'உங்களைத் தடுத்தவர் யார்?' அம்மாவிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சாமி என்று சொல்லியிருப்பாள். அப்பாவைக் கேட்டிருந்தால் மலை என்று சொல்லியிருப்பார். போன மாதம்வரை என்னைக் கேட்டிருந்தால் சுரங்கத்து ஆட்கள், அவர்களுடைய பழைய நம்பிக்கை என்று எழுதியிருப்பேன். கட்டம் சின்னது. ஓர் ஆள் பெயருக்குத்தான் இடம் இருந்தது. விட்டேக்கரின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல், பதவியோடு எழுதினேன்.

இன்று மதிய இடைவேளையில் அதைக் கொண்டுபோய் நேரில் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டவர் முத்திரை குத்தி உள்ளே எடுத்துப்போனார். திரும்பி ஆபீசுக்கு வந்து, என் மேஜையில் உட்கார்ந்து, மைக்கூட்டைத் திறந்தேன்.